லோட்டஸ் 49-ஐ மேசையில் நிறுத்துவது: பழைய பந்தயக் கார் மாதிரிக்கு ஒரு வழிகாட்டி

மாதிரிக் கார் கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களின் தொகுப்பு) பெட்டிக்குள் இருக்கும் வழிமுறைத் தாள், எந்தப் பாகத்தை எதோடு ஒட்டுவது என்று மட்டும்தான் சொல்லும். எதை ஒட்டாமல் நிறுத்தி வைக்க வேண்டும், எதற்கு முன்கூட்டியே பெயின்ட் அடிக்க வேண்டும், எதை எத்தனை நாள் காயவிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்காது. முதல் மாதிரி பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தாளின் முதல் படியில் தொடங்கி வரிசை மாறாமல் ஒட்டிக்கொண்டே போனால், கடைசிப் படியில் மூக்குப் பகுதி மூடாது. அதற்குள் எல்லாமே ஒட்டியும் பெயின்ட் அடித்தும் முடிந்திருக்கும்.

கீழே சொல்வதற்கெல்லாம் ஃபார்முலா ஒன் (எஃப் ஒன்) பந்தயக் காரான 1967 லோட்டஸ் 49-ஐ உதாரணமாக வைத்திருக்கிறோம். மேலே மூடி இல்லாததால் இன்ஜின் முழுசாகத் தெரியும், இறக்கை கிடையாது, கம்பிச் சக்கரம் கிடையாது. தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல கார் அமைவது கடினம். வேறு காராக இருந்தாலும் வேலையின் வரிசை இதுதான்.

1. காருக்கு முன் ஒரு பந்தயத்தைத் தேர்ந்தெடுங்கள்

"லோட்டஸ் 49" என்று பொதுவாக ஒரு கார் கிடையாது. 1967 ஜூன் 4 அன்று ஜாண்ட்வோர்ட்டில் நடந்த டச்சு கிராண்ட் பிரீயில் அது முதல்முறையாக ஓடியது. ஜிம் கிளார்க்கின் 5ஆம் எண் கார் ஜெயித்தது. முதலிடத்தில் இருந்து புறப்பட்ட கிரஹாம் ஹில்லின் 6ஆம் எண் கார் பாதியில் நின்றுபோனது. அன்றைய கார் பச்சை, நடுவே மஞ்சள் பட்டை, பின்னால் இசட்எஃப் கியர்பாக்ஸ். அடுத்த ஆண்டு மொனாக்கோவில் ஓடிய 49பி சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்தில் இருந்தது. மூக்கில் சிறு துடுப்புகள், பின்னால் ஹியூலண்ட் கியர்பாக்ஸ். ஒரே பெயரில் வருவதால் இரண்டையும் கலந்துவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

பந்தயம் முடிவானதும் படம் சேர்க்கத் தொடங்குங்கள். குறைந்தது 30 படமாவது வேண்டும். அவற்றை இரண்டு கட்டாகப் பிரியுங்கள்: அந்தக் காலத்தில் எடுத்தவை ஒரு பக்கம், அருங்காட்சியகத்திலும் இன்றைய பழங்கார்ப் பந்தயங்களிலும் எடுத்தவை மறுபக்கம். இரண்டாவது கட்டு தெளிவாக இருக்கும், கண்ணை இழுக்கும். ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. இன்றைக்கும் ஓடுகிற பழைய கார்களில் பாதுகாப்பு விதிக்காகப் பல பொருட்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை: உயரமான உருள் கம்பி, சீட் பெல்ட், தீயணைப்புக் குப்பி, நீல முக்கோணத்தில் மின்னல் போட்ட மின் துண்டிப்பு ஸ்டிக்கர், சிவப்பும் நீலமுமாக மின்னும் குழாய் இணைப்புகள். எஃப் ஒன்னில் பெல்ட் கட்டாயமானதே 1972ல்தான். ஜாண்ட்வோர்ட் கிளார்க் காரில் பெல்ட் மாட்டி வைத்தால், விஷயம் தெரிந்தவர் கண் நேராக அங்கேதான் போகும்.

போருக்கு முந்தைய கார் என்றால் கருப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அன்று புழங்கிய சில ஃபிலிம்களில் சிவப்பு ஏறக்குறைய கருப்பாகவும் நீலம் வெளுத்தும் விழும்.

படங்களைப் பார்த்து ஒரே ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: பந்தயம், தேதி, ஓட்டுநர், கார் எண், சேசிஸ் எண், டயர் நிறுவனம், கண்ணாடித் தடுப்பின் உயரம், பக்கக் கண்ணாடிகள் இருக்கும் இடம், வெளியேற்றுக் குழாயின் நிறம், எந்த எழுத்து எங்கே என்ற குறிப்பு. அந்தத் தாள் கடைசிவரை மேசையில் இருக்க வேண்டும். கிட் தாளும் இந்தத் தாளும் முரண்பட்டால் இதுதான் சரி.

2. அளவும் கிட்டும்

4 மீட்டர் நீளமுள்ள கார் 1/12 அளவில் சுமார் 33 செ.மீ., 1/20ல் 20 செ.மீ., 1/24ல் 17 செ.மீ., 1/43ல் 9 செ.மீ. வரும். பழைய ஃபார்முலா கார்களுக்கு 1/12ம் 1/20ம்தான் வழக்கம். முதல் முறை என்றால் 1/20 எடுங்கள். 1/12ல் எல்லாம் பெரிதாக இருப்பதால் சுலபம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. பெரிய அளவில் வெறுமையும் பெரிதாகத் தெரியும். ஒவ்வொரு குழாயையும் கம்பியையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

டமியாவின் 1/12 லோட்டஸ் 49 அச்சு 1960களைச் சேர்ந்தது. பின்னாளில் எட்ச் செய்த (ரசாயனத்தில் அரித்து வெட்டிய மெல்லிய) உலோகப் பாகங்களோடு மறுபடி வெளியிட்டார்கள். வாங்குவதாக இருந்தால் மறுவெளியீட்டையே பாருங்கள். பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண், எழுத்துப் படலம்) மஞ்சளாகியிருக்கும், தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகும். 1/20ல் எப்ரோவின் லோட்டஸ் 49 நல்ல தொடக்கம். மாடல் ஃபேக்டரி ஹிரோ போன்றவர்களின் ரெசின், வெள்ளை உலோகக் கிட்கள் அற்புதமானவை. ஆனால் பாகங்கள் தாமாகப் பொருந்தா, நீங்கள்தான் ராவிப் பொருத்த வேண்டும். மூன்று நான்கு பிளாஸ்டிக் கிட் முடித்த பிறகு அந்தப் பக்கம் போங்கள்.

ஆல்ஃபா ரோமியோ 8சி, ஃபியட் 806 போன்ற கம்பிச் சக்கரக் கார்களின் மீது ஆசை வரும். முதல் கட்டுக்கு வேண்டாம். கம்பிச் சக்கரம் மட்டுமே தனியாக ஒரு கிட் அளவுக்கு நேரத்தைத் தின்னும்.

பெட்டியைத் திறந்த அன்றே ஒரு அளவு எடுங்கள். லோட்டஸ் 49-இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உண்மையில் 2413 மி.மீ. அது 1/12ல் 201 மி.மீ., 1/20ல் 120.6 மி.மீ. பாகங்களை டேப் போட்டுக் கூட்டி அளந்தால், எங்காவது சாய்ந்திருப்பது இப்போதே தெரிந்துவிடும்.

3. செலவும் நாட்களும்

கிட்டின் விலையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தி, கட்டர், அரம், பின் வைஸ் (விரலால் திருகும் சிறு டிரில் பிடி), டிரில் முனைகள், உப்புத்தாள், பசை எல்லாம் சேர்ந்து முதல் முறை மட்டும் ஏறக்குறைய இன்னொரு பங்கு. பெயின்ட், தின்னர், பிரைமருக்கு (அடிப்பூச்சு) ஒரு பங்கு. எட்ச் பாகமும் கம்பிகளும் தனியாக வாங்கினால் மேலும் ஒரு பங்கு. கண்ணாடிக் கூண்டும் பலகையும் அரைப் பங்கிலிருந்து ஒரு பங்கு. ஏர்பிரஷும் கம்ப்ரஸரும் இதில் சேராது. அவை நான்கு ஐந்து பங்கை விழுங்கும். முதல் காருக்கு ஏர்பிரஷ் இல்லாமலும் சமாளிக்கலாம். உடலுக்கு ஸ்ப்ரே கேன், மீதிக்குத் தூரிகை.

ஆனால் முகமூடியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். லாக்கர் பெயின்ட்டுக்குத் துணி மாஸ்க் எதையும் தடுக்காது. கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டரே வேண்டும். ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

1/20 கிட்டைப் பெட்டியில் உள்ளபடியே கட்ட 40 முதல் 60 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 1/12ல் கம்பி, குழாயெல்லாம் சேர்த்தால் 150 மணி நேரம் தாண்டும். நாள் கணக்கில் இது இன்னும் நீளும், ஏனென்றால் பாதி நாட்கள் காயவிடுவதிலேயே போகும். லாக்கர் நிறம் ஒரு நாள், எனாமல் இரண்டு நாள், புட்டி ஒரு நாள், கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) ஒரு வாரம். ஒரு பக்கம் உடல் காயும்போது மறுபக்கம் இன்ஜின் வேலை நடக்கும்படி அடுக்கினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முடியும். கண்காட்சித் தேதி எதையாவது மனதில் வைத்திருந்தால் இரண்டு வாரம் கூடுதலாக ஒதுக்குங்கள். அவசரத்தில் கெடுவது எப்போதும் கிளியர் கோட்தான்.

4. ஒட்டாமல் கூட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்காதவருக்கு மீதி எல்லாம் சுலபம். பெரிய பாகங்களை மட்டும் அவை கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய இடத்தின் அடையாளத்தை 400, 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மோனோகாக் (ஓட்டுநர் உட்காரும், பெட்டி போன்ற முன் உடல்), இன்ஜின் கட்டை, கியர்பாக்ஸ், மூக்கு, காக்பிட் மூடி எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் கூட்டி நிறுத்துங்கள்.

கவனிக்க வேண்டியது மூன்று.

ஒன்று, மூடிகளின் ஓரம். பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்தால் ஆறு ஏழு பூச்சு. அந்தத் தடிமன் இரண்டு பக்க ஓரத்திலும் ஏறும். இப்போது இறுக்கமாகப் பொருந்துகிற மூடி பெயின்ட்டுக்குப் பிறகு மூடாது. அழுத்தினால் ஓரத்தில் பெயின்ட் சில்லாகப் பெயரும். ஆகவே இப்போதே இரண்டு ஓரங்களையும் சிறிது ராவி, ஒரு விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி விடுங்கள்.

இரண்டு, ரேடியேட்டர் மூக்குக்குள் இடிக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாகக் குழாய் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அதன் தடிமனையும் கணக்கில் எடுங்கள்.

மூன்று, இன்ஜின் மோனோகாக்கில் சேரும் இடம். உண்மைக் காரில் டிஎஃப்வி (ஃபோர்டு காஸ்வொர்த்) இன்ஜின்தான் காரின் சட்டத்தின் பின்பாதி. அடியில் இரண்டு போல்ட், மேலே கேம் மூடிகளின் பக்கம் இரண்டு தகடு, இந்த நான்கு இடத்தில்தான் அது காரோடு பிணைந்திருக்கிறது. பின் சஸ்பென்ஷனின் பாரம் இன்ஜின் வழியாகத்தான் போகும். மாதிரியிலும் அதே கதை. அந்த இணைப்பு மயிரிழை சாய்ந்தால்கூடப் பின் சக்கரம் ஒன்று தரையில் படாது. பசையை மட்டும் நம்பாமல், இரண்டு பக்கமும் 1 மி.மீ. துளை போட்டு 8 மி.மீ. நீளப் பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டுங்கள். ஒட்டும்போது காரைத் தடித்த கண்ணாடித் தகட்டின் மேல், ஒரே உயரமுள்ள இரண்டு கட்டையில் வைத்து நிறுத்துங்கள். சாப்பாட்டு மேசை தட்டையாகத் தெரியும், ஆனால் இருக்காது.

இதையெல்லாம் பார்த்து முடித்ததும் மோனோகாக்கின் அடித்தகட்டை மூடுவதற்கு முன் 3 மி.மீ. நட்டு இரண்டை உள்பக்கமாக எபாக்ஸியில் பதித்துவிடுங்கள். ஏன் என்று 9ஆம் படியில் புரியும். இப்போது விட்டுவிட்டால் பிறகு வழியில்லை.

5. இன்ஜின்

பார்க்க வருகிறவர் மூக்கை ஒரு தரம் பார்ப்பார், இன்ஜினைப் பத்து நிமிடம் பார்ப்பார். நேரத்தை இங்கே கொட்டுங்கள்.

முதலில் நிறம். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளி நிறம் அடித்தால் பொம்மை போலிருக்கும். இன்ஜின் கட்டைக்கு மங்கிய அலுமினியம், கியர்பாக்ஸுக்கு அதைவிட ஒரு நிழல் கருமையானது, அச்சுத் தண்டுகளுக்கு எஃகு நிறம், போல்ட் தலைகளுக்குப் பளிச்சென்ற வெள்ளி. நான்கு குப்பி போதும். பிரேக் தட்டைப் பின் வைஸில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே 1000 நம்பர் தாளை லேசாகத் தொடுங்கள். வட்டக் கீறல் தானாக வந்துவிடும்.

அடுத்தது பிளக் கம்பிகள். டிஎஃப்வி வீ 8 இன்ஜின். பக்கத்துக்கு நான்கு பிளக், கேம் மூடியின் நடுக்கோட்டில் குழிக்குள் இருக்கும். எட்டு கம்பியும் நடுவிலுள்ள வீ பள்ளத்திலிருந்து கிளம்பும். அதே பள்ளத்தில்தான் எரிபொருள் பகிரும் கருவியும். அதிலிருந்து காற்றுக் குழல்களுக்கு எட்டு மெல்லிய குழாய்கள் தனியாகப் போகும். இந்தப் பதினாறும் இருந்தால் இன்ஜினுக்கு உயிர் வந்துவிடும்.

தடிமனில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். உண்மைக் காரின் பிளக் கம்பி சுமார் 7 மி.மீ. அது 1/12ல் 0.6 மி.மீ., 1/20ல் 0.35 மி.மீ., 1/24ல் 0.3 மி.மீ. கையில் கிடைத்த ஒயரைச் செருகினால் தோட்டத்துக் குழாய் போலத் தெரியும். எந்தக் குழாயாக இருந்தாலும் உண்மை அளவை மாதிரியின் அளவால் வகுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

துளை போடும் முறை இது. ஊசி முனையால் பிளக்கின் நடுவில் அழுத்தி ஒரு சிறு பள்ளம் செய்யுங்கள். 0.35 கம்பிக்கு 0.4 டிரில் முனையைப் பின் வைஸில் மாட்டி, மெழுகுவர்த்தியில் ஒருமுறை குத்தி எடுத்துவிட்டு, விரலால் மெதுவாகத் திருகுங்கள். 1.5 மி.மீ. ஆழம் போதும். நான்கு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். மோட்டார் டிரில் வேண்டாம்: பிளாஸ்டிக் சூடாகி உருகி முனையைப் பிடித்துக்கொள்ளும், மெல்லிய முனை உள்ளேயே முறியும். முறிந்த முனையை அந்தத் துளையிலிருந்து எடுக்க முடியாது, பக்கத்தில் வேறு துளைதான்.

கம்பியை 10 மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள். ஊசியின் காது முனையில் சூப்பர் குளூ ஒரு சொட்டு எடுத்து, கம்பியின் நுனியில் தொட்டு, பிளக் துளையில் செருகுங்கள். குப்பியிலிருந்து நேரடியாக விட்டால் கேம் மூடி முழுக்க வெள்ளைப் படலம் படியும். எட்டும் பிளக் பக்கம் ஒட்டிக் காய்ந்த பிறகு, மறுமுனைகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்துக்கு வளைத்து அளவாக வெட்டி ஒட்டுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் வளைத்தால் மறுபடி நிமிரும். மெல்லிய சால்டர் கம்பி சொன்னபடி கேட்கும். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். கம்பி காற்றில் நேராக நிற்கக் கூடாது, தன் எடையில் கொஞ்சம் தொய்ந்தாற்போல் இருக்க வேண்டும்.

குழாய்களின் கிளிப்புக்கு அலுமினிய டேப்பை அரை மி.மீ. பட்டையாக வெட்டிச் சுற்றினால் போதும். காற்றுக் குழல்களின் வாய் கிட்டில் தடித்திருக்கும். டிரில் முனையையோ கூம்பு அரத்தையோ உள்ளே விட்டுத் திருகி, ஓரம் தகடு போல் மெலியும்வரை சுரண்டுங்கள். எட்டுக்கு இருபது நிமிடம் ஆகும்.

எட்ச் பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது அடியில் பீங்கான் ஓடு வையுங்கள். வெட்டுப் பாயில் வைத்து வெட்டினால் தகடு அமுங்கி வளையும். வளைத்துப் பொருத்த வேண்டிய பித்தளையை மெழுகுவர்த்திச் சுடரில் சில நொடி காட்டி ஆறவிட்டால் மென்மையாகிவிடும்.

6. உடலுக்குப் பெயின்ட்

உடல் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி உலர்த்துங்கள். தகட்டுக் கோடுகளை இப்போதே கத்தி முதுகாலோ கீறு ஊசியாலோ ஆழப்படுத்துங்கள், பூச்சுகள் அவற்றை நிரப்பிவிடும். பிறகு பிரைமர். சாம்பல் பிரைமர் கீறலைக் காட்டிக்கொடுக்கும்; மஞ்சளோ சிவப்போ வரப்போகும் இடத்தில் அதன்மேல் வெள்ளை பிரைமர் ஒரு கை. மஞ்சள் பெயின்ட் எதையும் மூடாது. பச்சை மேல் மஞ்சள் அடித்தால் எத்தனை பூச்சு போட்டாலும் அழுக்காகவே இருக்கும்.

ஆகவே லோட்டஸுக்கு வரிசை தலைகீழ். முதலில் மஞ்சள். ஒரு நாள் கழித்து, பட்டை வரும் இடத்தை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். அகலத்தைப் படத்திலிருந்து எடுக்க, பட்டையை மூக்குத் துவாரத்தின் அகலத்தோடு ஒப்பிட்டு விகிதம் பிடியுங்கள். டேப் ஒட்டியதும் நகத்தால் ஓரத்தை அழுத்தி, மறுபடியும் மஞ்சளையே டேப்பின் ஓரத்தில் ஒரு மெல்லிய பூச்சு விடுங்கள். டேப்புக்கு அடியில் கசிய வேண்டியது மஞ்சளாகவே கசிந்து அடைத்துவிடும். அதற்கு மேல் பச்சை போனால் கோடு கத்தியால் வெட்டியது போல் வரும். பச்சை தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் டேப்பைத் தனக்குத்தானே மடித்தபடி மெதுவாக உரியுங்கள். முழுக்கக் காயும்வரை காத்திருந்தால் ஓரம் பெயரும்.

பிரிட்டிஷ் பந்தயப் பச்சை என்று ஒரே ஒரு நிறம் கிடையாது; அணிக்கு அணி மாறும். டமியா டிஎஸ்-9 பிரிட்டிஷ் பச்சை தொடக்கத்துக்குப் போதுமானது. நிறத்தைச் சோதிக்க வெள்ளை ஸ்பூன் ஒன்றில் அதே பிரைமர், அதே நிறம், அதே கிளியர் அடித்துப் படத்தின் அருகில் வையுங்கள். குப்பியின் மூடி நிறத்தை நம்ப வேண்டாம்.

ஸ்ப்ரே கேனை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நிறுத்திவிட்டு அடித்தால் துளி சீராகும். கை பொறுக்கும் சூடு போதும். அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது. 20 செ.மீ. தூரத்தில், பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ஏர்பிரஷ் என்றால் 0.3 முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், லாக்கர் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு.

மழை பெய்து காற்றில் ஈரம் ஏறியிருக்கும் நாளில் பெட்டியை மூடி வைத்துவிடுங்கள். லாக்கர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுக்கும், பளபளப்பு பால் போல் வெளுக்கும்.

இன்னொரு விதி: லாக்கருக்கு மேல் எனாமலோ அக்ரிலிக்கோ அடிக்கலாம். எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் அடியிலுள்ளது சுருங்கி முதலைத் தோல் ஆகும்.

7. டெக்காலும் கிளியரும்

டெக்கால் பளபளப்பான பரப்பில்தான் உட்காரும். மங்கலான பரப்பில் அடியில் காற்று மாட்டி வெள்ளியாக மினுங்கும். வெதுவெதுப்பான நீரில் 20, 30 நொடி; பிறகு தாளில் வைத்து ஒரு நிமிடம்; தானாக நகர்ந்தால் மட்டும் தள்ளுங்கள். வளைவில் படிய மென்மையாக்கும் திரவம் தடவியதும் டெக்கால் சுருங்கிப் போகும். பயந்து தொட்டுவிடாதீர்கள், அரை மணியில் தானே இறங்கிப் படியும். தொட்டால் கிழியும். படிந்த பிறகு ஈரப் பஞ்சால் சுற்றிலுமுள்ள பசையைத் துடைத்து, இரண்டு நாள் விடுங்கள். மஞ்சளான பழைய டெக்காலை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தால் ஓரளவு வெளுக்கும். பயன்படாத ஒரு எண்ணைத் தண்ணீரில் போட்டுச் சோதித்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.

லாக்கர் கிளியரை முதல் கையிலேயே ஈரமாக அடித்தால் டெக்கால் கரைந்து நெளியும். முதல் இரண்டு பூச்சு பனி படிந்தாற்போல் மெல்லியதாக, இருபது நிமிட இடைவெளியில். அதற்குப் பிறகே ஈரமான இரண்டு பூச்சு. ஒரு வாரம் தூசி படாமல் மூடி வையுங்கள். காய்ந்ததா என்று கேட்க வேண்டியது மூக்கை: பாகத்தை முகர்ந்தால் பெயின்ட் வாசம் வரும்வரை காயவில்லை.

மெருகேற்றும் முன் எல்லாக் கூர்மையான ஓரத்திலும் மெல்லிய டேப் ஒட்டுங்கள். தேய்ந்து அடிநிறம் தெரிவது எப்போதும் ஓரத்தில்தான். 2000 நம்பர் தாளில் தண்ணீர் தொட்டு, பிறகு 3000, பிறகு காம்பவுண்ட். எங்கள் கருத்தில் கண்ணாடி போல் மின்ன வைப்பது 1967 காருக்குப் பொருந்தாது. அது பட்டறையில் கையால் அடித்த பந்தயக் கார், ஷோரூம் கார் அல்ல. ஆரஞ்சுத் தோல் போன்ற நெளிவு போனதும் நிறுத்திக்கொள்ளலாம்.

8. சக்கரம், கண்ணாடித் தடுப்பு, அழுக்கு வண்ணம்

டயரின் நடுவில் வரும் அச்சுக் கோட்டை 240 நம்பர் தாளால் தேய்த்துவிட்டால் பளபளப்பும் போகும், ஓடிய டயர் போலவும் ஆகும். எஃப் ஒன்னில் வழவழப்பான ஸ்லிக் டயர் வந்தது 1971ல். அதற்கு முந்தைய காருக்குப் பள்ளம் வெட்டிய டயர்தான். அது மறையாமல் தேயுங்கள். மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் வட்டையை உருக்கும். டயர் உட்காரும் இடத்தில் அலுமினிய டேப் ஒரு சுற்று ஒட்டிவிட்டால் கவலையில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு சூப்பர் குளூ ஆகாது, அதன் ஆவி கண்ணாடியில் பனி போல் படியும். பிவிஏ பசை (வெள்ளை மரப்பசை) போதும். வழிந்ததை ஈரப் பஞ்சால் துடைக்கலாம்.

கோடுகளில் ஓடவிடும் எனாமல் அழுக்கு வண்ணம்தான் கடைசி நேரத்தில் காலை வாரும். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில், அதுவும் இழுபட்டு நிற்கும் சஸ்பென்ஷன் கைகளின் மூலையில், அந்தத் தின்னர் தேங்கினால் பிளாஸ்டிக் நொறுங்கும். மறுநாள் காலையில் சக்கரம் சாய்ந்து கிடக்கும். ஆகவே சஸ்பென்ஷனுக்கான அழுக்கு வண்ணத்தை, அதைக் காரில் பொருத்துவதற்கு முன்பே, லாக்கர் பூசிய பாகத்தில் மட்டும், பஞ்சில் ஒற்றி எடுத்து முடித்துவிடுங்கள்.

9. நிறுத்தி வைப்பது

காரின் எடையை டயர் மேல் விடாதீர்கள். ஆண்டுக் கணக்கில் நின்றால் டயர் சப்பையாகும், சஸ்பென்ஷன் கை தொய்யும். 4ஆம் படியில் பதித்த நட்டுகள் இதற்குத்தான். பலகைக்கு அடியிலிருந்து 3 மி.மீ. திருகு இரண்டை ஏற்றி, நடுவே சிறு பித்தளைக் குழாய் வைத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரத்தில் இறுக்குங்கள். நான்கு டயருக்கு அடியிலும் ஒரு தாளை நகர்த்திப் பார்த்தால் உயரம் தெரியும்: இழுத்தால் லேசாகப் பிடித்து வர வேண்டும். எங்காவது எடுத்துப்போகும்போதும் இந்தத் திருகுகளே காப்பாற்றும்.

பலகை காரைவிட ஒவ்வொரு பக்கமும் 4, 5 செ.மீ. பெரிதாக இருந்தால் போதும். அதற்கு மேல் வெறுமை. தார்ச்சாலைக்கு உப்புத்தாளே பொருத்தம்: 1/12க்கு 60 நம்பர், 1/20க்கு 80 முதல் 120. கருப்பு அடிக்காதீர்கள். வெயிலில் கிடந்த சாலை நடுத்தரச் சாம்பல்தான்; மேலே இன்னும் வெளிர் சாம்பலை உலர்ந்த தூரிகையால் தடவினால் சொரசொரப்பு எழும்.

மூக்கு மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பதா, மூடி வைப்பதா என்பது உங்கள் விருப்பம். கழற்றி வைத்தால் அதன் உள்பக்கத்துக்கும் பெயின்ட் அடித்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பெயர்ப்பலகையில் கார், பந்தயம், ஆண்டு, ஓட்டுநர், எண். இந்த ஐந்து போதும்.

கூண்டுக்கு 3 மி.மீ. அக்ரிலிக். காரின் மிக உயரமான பாகத்துக்கு மேல் 3 செ.மீ. இடம் விடுங்கள். பெயின்ட் முடிந்து ஒரு மாதமாவது ஆகாத காரை இறுக்க மூடினால் தின்னர் ஆவி உள்ளேயே தங்கிக் கூண்டின் சுவரில் மங்கலாகப் படியும். பின்பக்கக் கீழ் மூலையில் 3 மி.மீ. துளை ஒன்று இருக்கட்டும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் கூடாது, டெக்கால் வெளுத்து கிளியர் மஞ்சளாகும். விளக்கு வைப்பதானால் எல்இடி, கூண்டுக்கு வெளியே. அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும். நிலைமின் ஏறித் தூசியை இன்னும் இழுக்கும். ஈரமான மைக்ரோஃபைபர் துணியே சரி.

கண்காட்சிப் போட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள், முதல் படியில் எழுதிய தாளையும் அன்றைய பந்தயப் படம் மூன்று நான்கையும் உடன் வையுங்கள். கூடவே நீங்களாகச் சேர்த்த பாகங்களின் பட்டியல் ஒன்று. பெல்ட் ஏன் இல்லை என்று நடுவர் கேட்டால் படம் பதில் சொல்லும். பயன்படுத்திய நிறங்களின் எண்களையும் கலவை விகிதத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பலகையின் அடியில் ஒட்டிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு சில்லு பெயர்ந்தால் அப்போது தேட வேண்டியிருக்காது.